மூன்றுக்கு மேல் ஏறவில்லை

"பொய் சொல்லாதீங்கம்மா!"

டாக்டர் இருதயராஜ் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது. கட்டிலில் உட்கார்ந்திருந்த கோமதி தலையைக் குனியவில்லை.

"ஒரு வேள கூடத் தப்பவிடல சார். காலையில ஒம்பது, ராத்திரி ஒம்பது. கடிகாரத்தப் பாத்துதான் போடுறேன்."

கோமதி கோவில்பட்டியில் தீப்பெட்டிக் கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டபோது அக்கா உச்சிமாகாளி தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தாள். வந்து சேர்ந்ததை உடம்பு அந்நியம் என்று எதிர்க்காமலிருக்கத் தினமும் இரண்டு வேளை மாத்திரை. ரத்தத்தில் அந்த மருந்தின் அளவு குறைந்தது எட்டு இருக்க வேண்டும். மூன்று வாரமாக மூன்றுக்கு மேல் ஏறவில்லை. புதுச் சிறுநீரகம் தளர ஆரம்பித்திருந்தது.

"பக்கத்துக் கட்டில் அபுதாகிரைப் பாருங்க. உங்க எடைதான், உங்க மாத்திரைதான். அவருக்கு ஒம்பது இருக்கு. உங்களுக்கு மட்டும் எப்படி மூணு?"

"அத என்கிட்டக் கேட்டா? நீங்கதான டாக்டர்?"

இருதயராஜுக்குச் சுர்ரென்று ஏறியது. இருபது வருஷம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்துவிட்டு, நாற்பத்தாறு வயதில் மதுரைக்கு மேற்படிப்புக்கு வந்தவர். வாங்கிய மாத்திரையைக் குப்பையில் போடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறார். நேரே பேராசிரியை தில்லைநாயகியிடம் போனார். இருதயராஜைவிட எட்டு வயது இளையவர். அன்றுதான் விடுப்பு முடிந்து வந்திருந்தார்.

"மேடம், கூடப்பிறந்தவ தன் உடம்ப அறுத்துக் கொடுத்திருக்கா. இவங்க அதை நாசம் பண்றாங்க. இந்த மாதிரி ஆளுங்களை என்ன செய்யறது?"

"நாலு நாளைக்கு மாத்திரையை உங்க கையாலயே கொடுங்க."

கொடுத்தார். விழுங்கும்வரை நின்றார். வாயைத் திறக்கச் சொல்லி நாக்குக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். கோமதி ஒவ்வொரு முறையும் திறந்து காட்டினாள். கண்ணை மட்டும் அவர் முகத்திலிருந்து எடுக்கவில்லை.

ஐந்தாம் நாள் காலை மாத்திரைக்கு முன்னால் ரத்தம் எடுத்தார்கள். மூன்று. நம்பாமல் வேறு லேபுக்கு அனுப்பினார். அங்கேயும் மூன்றுதான்.

"போட்டதெல்லாம் எங்கதான் போகுது மேடம்?"

"சிலர் உடம்பு இந்த மருந்தைப் படுவேகமாக் கரைச்சுத் தள்ளிடும். பிறவியிலேயே அப்படி. அபுதாகிருக்கு ஒண்ணு போதும்னா இவங்களுக்கு ரெண்டு வேணும்." தில்லைநாயகி நிமிர்ந்து பார்த்தார். "அவங்க நிஜத்தைத்தான் சொல்லியிருக்காங்க."

இருதயராஜ் கோமதியின் கட்டிலருகே போய் நின்றார்.

"தப்பு என் மேலதான்மா. மன்னிச்சிடுங்க."

"எனக்கு எதுக்கு சார் மன்னிப்பு?" அவள் குரல் உயர்ந்தது. "எங்கக்காவுக்குப் போன் போட்டு, உன் தங்கச்சி மாத்திரையத் தூர எறியுறா, நீ கொடுத்தது வீணுன்னு சொன்னீங்களே. பத்து நாளாச்சு, அவ இந்தப் பக்கம் எட்டிப் பாக்கல. நான் கூப்பிட்டா எடுக்கல. என் வாயத் திறந்து பாத்தீங்களே, அவகிட்டச் சொல்றதுக்கு முன்னால பாத்திருக்கக் கூடாதா?"

அபுதாகிர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

இருதயராஜ் தில்லைநாயகியிடம் திரும்பி வந்தார்.

"மாத்திரையைக் கூட்டினா ஒரு வாரத்துல அளவு ஏறிடும் மேடம். ஆனா அவங்க அக்கா…"

"மாத்திரையை நான் பாத்துக்கறேன். நீங்க கோவில்பட்டிக்குப் பஸ் ஏறுங்க."

"இன்னிக்கேவா? வார்டுல இத்தனை பேர் இருக்காங்க. போன்லயே சொல்லிடட்டுமா?"

தில்லைநாயகி பேனாவை மூடி வைத்தார்.

"அந்தம்மா கிட்னியைப் போன்லயா கொடுத்தாங்க?"