பாடமும் நடக்கணும், லேத்தும் ஓடணும்

பம்பு கம்பெனி மேனேஜர் பரசுராமன், பயிற்சித் தொழிலாளர்களின் வியாழக்கிழமை வகுப்புக்குத் தானே ஆசிரியர் என்று வாராவாரம் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடுவார். வகுப்புதான் நடந்ததே இல்லை.

ஒரு வியாழக்கிழமை, வகுப்பை ஆய்வு செய்ய அரசு அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது.

"வகுப்பும் நடக்கணும், லேத் மெஷினும் ஓடணும். எப்படியோ செய்!" என்று பயிற்சிக்கு வந்திருந்த செண்பகத்திடம் உறுமினார்.

"சரிங்க சார்."

செண்பகம் கரும்பலகையைத் தூக்கிவந்து லேத் மெஷின் பக்கத்திலேயே மாட்டிவிட்டு, மெஷினை ஓட்டத் தொடங்கினாள்.

பரசுராமனோடு அதிகாரி வந்தார். "ஆசிரியர் யாரும்மா?"

"எங்க மேனேஜர்தாங்க. ரிஜிஸ்டர்ல கையெழுத்து இருக்குங்க. இன்னைக்கு மெஷினை ஓட்டிக் காட்டப் போறாருங்க."

மெஷினை நிறுத்திவிட்டு, மரியாதையாக விலகி நின்றாள். பரசுராமன் மெஷினை இரண்டு முறை சுற்றி வந்தார்.

"சுவிட்ச் இந்தப் பக்கம்ங்க சார்."

அதிகாரியின் உத்தரவுப்படி இப்போது வியாழன்தோறும் வகுப்பு நடக்கிறது. ஆசிரியர் வேறு. முதல் பெஞ்சில் பரசுராமன்.