குரூப்பில் வராத தாழ்ப்பாள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. புது மேனேஜர் கிருபாகரன் வந்ததிலிருந்து அங்கே வாய்ப்பேச்சே கிடையாது. எதுவானாலும் வாட்ஸ்அப் குரூப்பில்தான் போட வேண்டும். கூட்டிப் பெருக்கும் மாராத்தாளிடம் இருந்ததோ பட்டன் போன். அதனால் ஒரு நாள் காலை அவர் முன்னால் நேரிலேயே போய் நின்றாள்.

"சார், துணி ரூம் தாழ்ப்பாள் கெட்டுப் போச்சுங்க. கதவைச் சாத்தினா வெளிப்பக்கம் தானா விழுந்துக்குது."

"குரூப்புல வராதது நடக்காதது. திங்கக்கிழமைக்குள்ள நல்ல போன் வாங்கு. இல்லேன்னா வேலைக்கு வராதே."

மாராத்தாள் "அம்மா தாயே, நீ பார்த்துக்கோ" என்று சாமியைக் கும்பிட்டுவிட்டுத் துடைப்பத்தை எடுத்தாள்.

மத்தியானம் துணி ரூமுக்குள்ளிருந்து தடதடவென்று சத்தம். மேனேஜரேதான்.

"மாராத்தா, கதவைத் திற. தாழ்ப்பாள் விழுந்துருச்சு."

"விழுந்திருக்காதுங்க சார். குரூப்புல வரலீங்களே."

"என் போன் மேசை மேல இருக்கும்மா."

"அடடா, அப்ப நீங்களும் என்னையாட்ட வாயை நம்பித்தான் நிக்கறீங்களா? அப்படிப்பட்டவங்க திங்கக்கிழமை வேலைக்கு வரலாங்களா?"

உள்ளேயிருந்து மேனேஜரின் குரல் தணிந்து வந்தது.

"வரலாம்மா. ரெண்டு பேருமே வரலாம்."

மாராத்தாள் சிரித்துக்கொண்டே தாழ்ப்பாளை நீக்கினாள்.

சாயங்காலம் குரூப்பில் மேனேஜரின் செய்தி வந்தது: "துணி ரூம் தாழ்ப்பாள் பழுது. மாராத்தாள் காலையிலேயே சொல்லிவிட்டார்."