சாமிக்குப் பசிக்கிறது

"சாமி, குருபூசை வருது. வாசலைச் சுத்தம் பண்ணணும்."

"விளக்குமாறு உள்ளே இருக்கு, அண்ணாச்சி."

"குப்பையைச் சொல்லல. பிச்சைக்காரங்களைச் சொல்லுதேன்."

ஆற்றங்கரை மடத்தின் சாமிக்கு வயது முப்பத்தைந்துதான். சீடர் கோமதிநாயகத்துக்கு அறுபது தாண்டிவிட்டது. தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞானம் தேடி மடத்துக்கு வந்தார்; வந்த வேகத்தில் நிர்வாகத்தையும் கையில் எடுத்துக்கொண்டார். பழக்கம் விடுமா?

சாமி தெருவில் போய்ப் பிட்சை எடுத்துத்தான் சாப்பிட வேண்டும் என்பது அந்த மடத்தின் ஆதிகாலத்து வழக்கம். கோமதிநாயகம் அதையும் ஒழுங்குபடுத்தினார். இப்போது பெரிய வீடுகளிலிருந்து முறை வைத்து எவர்சில்வர் கேரியர் வந்துவிடுகிறது. சாமி உட்கார்ந்த இடத்தில் திருவோட்டை நீட்டினால் போதும். பிட்சை போட்டவர் அன்றைய உபயதாரர். மேளம் முழங்க அவர் தலையில் பட்டுப் பரிவட்டம் கட்டி மரியாதை செய்வார்கள்.

வாசல் தூணில் புதிதாக ஒரு போர்டும் தொங்கியது. எழுதியது கோமதிநாயகமேதான்.

'உபயதாரர் தவிர யாரும் இங்கே உட்காரக் கூடாது.'

"போர்டு போட்டும் எந்திரிக்க மாட்டேங்காங்க சாமி. அதான் போன் பண்ணிட்டேன். நாளைக்கு வேன் வருது. ஏத்திட்டுப் போய் அரசாங்க இல்லத்துல விட்டிருவாங்க."

"எங்கே இருக்கு இல்லம்?"

"ரொம்பத் தூரம். திரும்பி வர முடியாது." சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை வழிந்தது.

"அவங்களைக் கேட்டீங்களா?"

"அவங்களை என்னத்தைக் கேக்க? கையேந்தித் தின்னு பழகிட்டா மனுசனுக்கு மானம் போயிரும். அடுத்தவனுக்குக் கொடுக்க அவங்ககிட்ட ஒண்ணுமே கிடையாது சாமி."

சாமி மடியிலிருந்த திருவோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மறுநாள் காலை கேரியர் வந்தது.

"உள்ளே வைங்க," என்றார் சாமி. "இன்னைக்கு நானே போறேன்."

தெருவுக்குத்தான் போகிறார் என்று கோமதிநாயகம் நினைத்தார். சாமி படி இறங்கியதும் நின்றுவிட்டார். எதிரே பேச்சியம்மாள்.

அந்த வாசலில் கையேந்துகிறவர்களில் அவள் மூத்தவள். வேன் வரும் செய்தி அவளுக்கும் எட்டியிருந்தது. தூக்குவாளியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"எங்க வீட்டுக்காரவுக ஆசுபத்திரியில கெடக்காக, சாமி. இந்த இட்லியைக் கொண்டுபோய் நான்தான் ஊட்டணும். என்னைய ஏத்திட்டுப் போயிட்டா அவுக வாயில தண்ணி ஊத்தக்கூட ஆளில்ல. நீங்க ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

சாமி திருவோட்டை நீட்டினார்.

"பசிக்குது, தாயி."

பேச்சியம்மாள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். யாருமில்லை.

"எங்கிட்டயா கேக்கீக?"

"உங்ககிட்டதான்."

"என் கை பட்டதை நீங்க திங்கலாமா?"

"பசிக்குதுன்னுல்லா சொல்லுதேன்."

அவள் தூக்குவாளியைத் திறந்தாள். மூடினாள். கணவனுக்கு வாங்கி வைத்தது. மறுபடி திறந்தாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். முந்தானையைச் சரிசெய்தாள். அவள் நிமிர்ந்து நின்று கோமதிநாயகம் பார்த்ததே இல்லை. இவ்வளவு உயரமா இவள்?

திருவோட்டில் ஒரு இட்லி விழுந்தது.

"சட்னி தீந்துட்டு, சாமி. தப்பா நெனைக்காதீக."

விருந்தாளியிடம் வீட்டுக்காரி சொல்கிற அதே குரல்.

பக்கத்தில் இருந்தவருக்கு ஒரு கால் இல்லை. அவர் பாதி வாழைப்பழத்தை நீட்டினார். "என்கிட்டயும் வாங்கணும், சாமி!" அடுத்தவர் சட்டைப்பைக்குள் கைவிட்டு முறுக்கை எடுத்தார். "தள்ளும்வே, நான்தான் முதல்ல எடுத்தேன்!" வரிசையே ஆரவாரமாகிவிட்டது. வாங்குவதற்கு அடித்துக்கொள்வதை ஊர் பார்த்திருக்கிறது. போடுவதற்கு அடித்துக்கொண்டதை அன்றுதான் பார்த்தது.

அந்த நேரத்தில் வேன் வந்து நின்றது. அதிகாரி இறங்கினார்.

"பிச்சைக்காரங்க எங்கே?"

சாமியின் வாயில் இட்லி. கையைத் தூக்கினார்.

"இங்கே பிச்சை எடுத்தது நான் ஒருத்தன்தான். ஏறட்டுமா?"

"விளையாடாதீங்க, சாமி. இவங்கெல்லாம் யாரு?"

"எனக்குச் சோறு போட்டவங்க."

அதிகாரி தூணில் தொங்கிய போர்டைப் படித்தார். தலையைச் சொறிந்துகொண்டார். கோமதிநாயகத்தின் பக்கம் திரும்பினார்.

"ஐயா, போன் பண்ணினது நீங்கதானே? நீங்களே சொல்லுங்க. யாரை ஏத்தணும்?"

எல்லோரும் கோமதிநாயகத்தைப் பார்த்தார்கள். பேச்சியம்மாளும் பார்த்தாள்.

அவரை வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த வெட்கத்துக்கு நடுவே, எங்கிருந்தோ, ஒரு சந்தோஷமும் பொங்கிக்கொண்டு வந்தது.

உள்ளே போனார். பரிவட்டம் வைத்த பித்தளைத் தட்டோடு வந்தார்.

"எங்கேய்யா மேளக்காரர்? உபயதாரர் நிக்காங்க, தெரியலயா?"

நாகஸ்வரம் எழுந்தது. தவில் அதிர்ந்தது. தெருவே வாசலுக்கு ஓடி வந்தது. முன்னாள் தாசில்தார் பேச்சியம்மாளின் நரைத்த தலையில் பட்டுப் பரிவட்டத்தைக் கட்டினார். பட்டு வழுக்கியதால் முடிச்சு விழவே மாட்டேன் என்றது.

"சீக்கிரம் கட்டுங்க, அண்ணாச்சி. அவுக பசியோட இருப்பாக."

கட்டி முடித்தார். அவள் கையால் தொட்டுப் பார்த்தாள்.

"இதோடயே போகலாமா? அவுக பாக்கணும்."

"இதோடதான் போகணும்," என்றார் கோமதிநாயகம். அதிகாரியிடம் திரும்பினார். "வேன் சும்மாதானே திரும்பிப் போகுது? அம்மாவை ஆசுபத்திரியில இறக்கி விட்டுருங்க."

அதிகாரி சிரித்துவிட்டார். முன்பக்கக் கதவைத் தாமே திறந்துவிட்டார்.

மேளம் நிற்கவில்லை. பேச்சியம்மாள் தலை குனியாமல் ஏறி உட்கார்ந்தாள். தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டாள். ஏதோ நினைத்தவளாக ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, நீங்க இன்னும் சாப்பிடலைல்லா?"

அவள் விரல்களில் ஒரு இட்லி இருந்தது.

கோமதிநாயகம் வலது கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

நீட்டினார்.