குமிழியும் மடுவுக்கு அழைத்த முதலையும்

காட்டாற்றின் வளைவில் ஒரு நீர்நாய்க் குடும்பம் வாழ்ந்தது. அம்மா, அப்பா, சித்தி, அண்ணன் கரியன், கடைக்குட்டி குமிழி. காலையில் எல்லோரும் சேர்ந்து மீன் பிடிப்பார்கள். வயிறு நிறைந்ததும் சேற்றுக் கரையில் சறுக்கி விளையாடுவார்கள். அவர்கள் போடும் கூச்சலில் கொக்குகள் வேறு இடம் தேடிப் போய்விடும்.

அன்று குமிழிக்கு முதல் வேட்டை. எல்லோரும் அரைவட்டமாக நீந்திக் கெண்டை மீன்களைக் கரைப்பக்கம் விரட்டினார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு தும்பி குமிழியின் மூக்கில் வந்து உட்கார்ந்தது. “ஹச்!” என்று தும்மிக்கொண்டே அவள் விலகினாள். அந்தச் சந்தில் மீன்கூட்டம் மொத்தமும் நழுவிவிட்டது!

“ஓட்டைக் கூடை! நம்ம குமிழி ஓட்டைக் கூடை!” என்று கரியன் உருண்டு உருண்டு சிரித்தான். சித்தியும் சிரித்தாள். அம்மாவுக்குக்கூடச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

குமிழிக்கு முகம் சுண்டிப்போனது. கரியன் அதோடு விடவில்லை. சாப்பிடும்போது ஓட்டைக் கூடை, தூங்கப் போகும்போது ஓட்டைக் கூடை. கொஞ்ச நாளில் அவள் சறுக்கி விளையாட வருவதையே நிறுத்திவிட்டாள். தள்ளியிருந்த மருதமரத்தின் வேரில் தனியாகப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மருதமரத்துக்கு எதிரே ஆழமான மடு. அதில் ஒரு கிழட்டு முதலை இருந்தது. நீர்நாய்க் கறிமேல் அதற்குத் தீராத ஆசை. ஆனால் ஒரு நீர்நாயைத் தொட்டால் மொத்தக் குடும்பமும் பாய்ந்து வந்து வாலைக் குதறிவிடும். ஒன்று தனியாக மாட்டாதா என்று அது காத்துக் கிடந்தது.

“என்ன பாப்பா, முகம் வாடியிருக்கு?” என்று முதலை தேனொழுகக் கேட்டது.

குமிழி நடந்ததைச் சொன்னாள்.

“அடப் பாவமே! இவ்வளவு கெட்டிக்காரப் பொண்ணை இப்படியா பேசுவாங்க? உன் அருமை அவங்களுக்குத் தெரியலையே!”

குமிழிக்கு அதைக் கேட்க இதமாக இருந்தது. மறுநாளும் போனாள். முதலை இன்னும் கொஞ்சம் கிட்டே வந்தது.

“உன் அம்மாவும்தானே சிரிச்சா? அவளுக்குக் கரியன்தான் செல்லம். உனக்கு இந்த மாமாவை விட்டா வேற யாரு? நாளைக்கு மத்தியானம் மடுவுக்கு வா. மீன் கொட்டிக் கிடக்கு! ஆனா யார்கிட்டயும் மூச்சு விடாதே. சொன்னா இன்னும் சிரிப்பாங்க!”

“சரி மாமா” என்றாள் குமிழி. ஆனால் ஏனோ அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் காலை சிச்சிலி என்ற மீன்கொத்தி மருதமரத்துக்குப் பறந்து வந்தாள். குமிழியும் அவளும் தினமும் மீனுக்காகச் சண்டை போடும் சிநேகிதிகள்.

“ஏய்! உன் மீனை நான் திருடிட்டேன். துரத்த மாட்டியா?”

“நீயே தின்னு.”

“என்னாச்சு உனக்கு?”

“ஒண்ணுமில்ல. போ!”

சிச்சிலி போகவில்லை. பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து தன் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். “இன்னைக்குக் காலையில மீன்னு நினைச்சு ஒரு பழுத்த இலையைக் கொத்திட்டேன். விழுங்கவும் பார்த்தேன்! தொண்டையில இன்னும் கசக்குது.”

குமிழிக்குத் தன்னை அறியாமல் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே கண்ணில் நீரும் வந்தது. பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். தும்மல், ஓட்டைக் கூடை, மடு, மாமா, எல்லாம்.

சிச்சிலி சிரிக்கவில்லை. “மீன் தர்றேன்னு சொல்றது சரி. அதை ஏன் யார்கிட்டயும் சொல்லக்கூடாது? எனக்கு இது பிடிக்கல. வா, அம்மாகிட்ட சொல்லலாம்.”

“அம்மா திட்டுவா!”

“நானும் கூட வர்றேன். திட்டினா ரெண்டு பேரும் சேர்ந்து வாங்கிக்குவோம்!”

அம்மா பாறையில் முதுகை உலர்த்திக்கொண்டிருந்தாள். அப்பாவும் கரியனும் பக்கத்தில் இருந்தார்கள். குமிழி சொல்லத் தொடங்கியதும் எழுந்து உட்கார்ந்தாள். நடுவில் குறுக்கே பேசவில்லை. கடைசியில் மகளை இழுத்து மடியோடு அணைத்துக்கொண்டாள்.

“அன்னைக்கு நானும் சிரிச்சது தப்புடி கண்ணு. நீ வந்து சொன்னியே, அதுவே எனக்குப் போதும்.”

கரியன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். “எனக்கு அது விளையாட்டாத்தான் இருந்துச்சு. உனக்கு இவ்வளவு வலிக்கும்னு தெரியல. இனிமே அப்படிக் கூப்பிட மாட்டேன் குமிழி.”

“அந்த முதலையை நாங்க பார்த்துக்கிறோம். நீ இங்கேயே இரு” என்றார் அப்பா.

“இல்லப்பா, நானும் வருவேன்!”

அம்மா ஒரு கணம் யோசித்தாள். “வா. ஆனா என் பக்கத்தை விட்டு நகரக்கூடாது.”

மத்தியானம் ஆனது. மடுவில் முதலை நாக்கில் எச்சில் ஊறக் காத்திருந்தது. நாணல் விலகியது. குமிழியின் தலை தெரிந்தது.

“வந்துட்டியா பாப்பா? தனியாத்தானே வந்தே?”

“இல்ல! குடும்பத்தோட வந்திருக்கேன்!”

அடுத்த நொடி நாணலுக்குள்ளிருந்து எல்லோரும் பாய்ந்தார்கள். அப்பா வாலைக் கடித்தார். சித்தி பின்னங்காலைப் பிடித்தாள். கரியன் முதுகில் ஏறிக் குதித்தான். சிச்சிலி மூக்கிலேயே கொத்தினாள். அம்மாவோடு ஒட்டி நின்ற குமிழி தொண்டை கிழியக் கத்தினாள்: “பொய்க்கார மாமா! போ! போ!”

“ஐயோ, என் வாலு! என்னை விட்டுடுங்க!” என்று முதலை அலறிக்கொண்டே ஆற்றோடு போனது. போனது போனதுதான். அந்தப் பக்கம் திரும்பவே இல்லை!

அன்று மாலை சேற்றுக் கரையில் ஒரே அமர்க்களம். குமிழிதான் முதலில் சறுக்கினாள். “எனக்கும் சொல்லிக் கொடு!” என்று சிச்சிலியும் சறுக்கி, அலகு முதல் வால் வரை சேறாகி எழுந்தாள். “யாரது, புதுசா ஒரு காக்கா?” என்று அவளே கேட்க, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் குமிழியின் குரல்தான் ஓங்கிக் கேட்டது.

மனசில் உள்ளதைக் கேட்க வீட்டில் ஓர் ஆளும், விலகாமல் பக்கத்தில் இருக்க ஒரு நட்பும் கிடைத்த பிள்ளையை எந்த வஞ்சகராலும் தனியே பிரித்துக்கொண்டு போக முடியாது.