ஒன்றுபோல் நின்ற நெல்

"மேடம், இந்தச் செடிக்கு என்னைக் கண்டாலே ஆகல," என்றான் வேலாயுதம்.

"நெல்லுக்கு உன்னைத் தெரியவே தெரியாது. விஷயத்தைச் சொல்," என்றார் பேராசிரியர் ஜெபமணி.

இருவரும் பசுமைக்குடிலின் வாசலுக்குள் நின்றார்கள்.

காட்டு நெல் ஒன்று உப்புநீரைத் தாங்கும். ஆனால் முற்றுமுன் மணியைக் கொட்டிவிடும். இரண்டு குணமும் ஒரே மரபிழையில் அடுத்தடுத்து இருந்தன. அதை வயல் நெல்லோடு கலந்து, அந்த இரண்டையும் பிரிப்பதுதான் அவனுடைய ஆராய்ச்சி. அதற்காக, இழையை வெட்டும் நொதியைச் செடிக்குள் செலுத்தியிருந்தான்.

"நொதி நல்லாத்தான் வெட்டுது மேடம். ஆனா செடி பழையபடியே ஒட்டிக்குது. உப்பையும் தாங்குது, மணியையும் கொட்டுது."

"சரி."

"என்ன சரி? நாளைக்கு என் ஆராய்ச்சியைப் பார்க்கக் குழு வருது. நொதி உதவாதுன்னு சொல்லிட்டு எல்லாத்தையும் பிடுங்கிடறேன். என் ஆராய்ச்சி அதோட முடிஞ்சுது."

"வெட்டுப்பட்ட இழை எதைப் பார்த்து ஒட்டிக்கும்?"

"ஜோடி இழையைப் பார்த்து. தாய் வழியில ஒண்ணு, தகப்பன் வழியில ஒண்ணு. ரெண்டும் துண்டு மாத்திக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைக்கே தெரியும் மேடம்!"

"அப்ப உனக்கும் தெரியும். எந்தச் செடிக்கு நொதி கொடுத்த?"

அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"சுத்தமான செடிக்குத்தான். கலப்பு விதை கன்னாபின்னான்னு முளைச்சுது. எனக்குப் பயம். உப்பு தாங்குறதை மட்டும் பொறுக்கி, அதோட மகரந்தத்தை அதுக்கே கொடுத்து, தலைமுறை தலைமுறையா வளர்த்தேன். இப்ப எல்லாம் ஒண்ணுபோல நிக்குது."

ஜெபமணி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"இடது செருப்பைக் கழட்டு."

குடிலுக்குள் எல்லாருக்கும் நீல ரப்பர் செருப்புதான். ஒரே அளவு. அதைப் போட்டுக்கொண்டு வெளியே போகக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம்.

தன் இடது செருப்பை அவன் பக்கம் தள்ளிவிட்டு, அவனுடையதில் காலை நுழைத்துக்கொண்டார்.

"நட."

நடந்தான்.

"என்ன மாறிச்சு?"

"இருக்கிற எரிச்சல்ல இது வேறயா மேடம்? ரெண்டும் ஒரே செருப்பு. மாத்தினா மட்டும் என்ன..."

திரும்பிச் செடிகளைப் பார்த்தான். "ஜோடியில ரெண்டு இழையும் இப்ப ஒண்ணேதான் மேடம்!"

"அந்தக் கலப்பு விதை எங்க?" என்றார் ஜெபமணி.

"மிச்சம் குளிரறையில இருக்கு. இன்னைக்குக் கழிச்சுக் கட்டச் சொல்லி..."

முடிக்காமலே ஓடினான்.

"டேய், செருப்பு!"