பாவாயி பார்த்த நீலம்

மாரப்பன் சுத்தியலைக் கீழே வைத்தார்.

"கை எந்திரிக்க மாட்டேங்குதுங்க பாய்."

ஹயாத் திரும்பவில்லை. பட்டறையின் மறுபக்கத்தில் ஒரு டேங்கர் லாரிக்கு அடியில் குனிந்திருந்தார்.

"வலியா?"

"வலியெல்லாம் இல்லீங்க. மனசு வர்ல."

சங்ககிரியில் ஐப்பசி மழை நான்காவது நாளாக விடாமல் பெய்துகொண்டிருந்தது. தகரக் கூரைக்குக் கீழே எதையும் கொஞ்சம் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

மாரப்பனுக்கு அறுபத்திரண்டு வயது. ஹயாத்துக்கு நாற்பத்தைந்து. ஆனாலும் இங்கே ஹயாத்தான் குரு. முப்பத்தைந்து வருடம் லாரி ஓட்டி ஓய்ந்த மாரப்பன், தான் முதன்முதலில் ஓட்டிய, எஞ்சின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கு லாரியைப் பழைய இரும்புக்கடை ஒன்றில் கண்டுபிடித்து இழுத்துவந்து நிறுத்தியபோது, ஹயாத் அதை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார்.

"நான் செய்யறதுன்னா எனக்கு நேரமில்லண்ணா. நீங்க செய்யறதுன்னா சொல்லித் தர்றேன்."

முதல் ஆறு மாதம் ஒரே ஒரு மட்கார்டு. தகட்டின் பின்னால் இரும்புக் கட்டையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் தட்ட வேண்டும். தட்டிய இடம் நிமிரும். பக்கத்தில் வேறோர் இடம் வீங்கும். மாரப்பன் கொண்டுபோய்க் காட்டுவார். ஹயாத் தடவிப் பார்த்துத் திருப்பிக் கொடுப்பார்.

அதெல்லாம் மாரப்பனுக்குப் பொருட்டாக இல்லை. அப்போது அவருக்கு ஒரு காரணம் இருந்தது. கல்யாணமான புதிதில் இந்த வண்டியில்தான் மனைவி பாவாயியை மேட்டூர் அணைக்குக் கூட்டிப்போனார். நீல வண்டி. அந்த ஒருமுறைதான். அதற்குப் பிறகு முப்பத்தைந்து வருடம் அவர் வண்டியில் இருந்தார், அவள் வீட்டில் இருந்தாள்.

வேலை தொடங்கிய இரண்டாம் வருடம், சர்க்கரை பாவாயியின் கண்ணுக்குள் இறங்கிவிட்டதாக டாக்டர் சொன்னார். பார்வை ஒரு வருடம் இருக்கும், மிஞ்சினால் ஒன்றரை.

மாரப்பன் பட்டறைக்கு ஓடிவந்தார்.

"பெயிண்ட்ட முதல்ல அடிச்சுரலாங்க பாய். மத்தத அப்புறம் பாத்துக்கலாம்."

"தகடு இன்னும் உள்ள அழுகிட்டு இருக்குதுண்ணா."

"அவ ஒருக்காப் பாத்துட்டாப் போதுங்க."

"வேண்டாம்."

தங்கை கல்யாணத்துக்காக ஹயாத் மூன்று நாள் திருப்பத்தூர் போனார். அந்த மூன்று நாளில் மாரப்பன் வெளியாள் ஒருவரைப் பிடித்து, துருவின் மேலேயே பட்டி பூசி மறைத்து, நீலத்தை அடித்து முடித்துவிட்டார். வண்டி பளபளத்தது. பாவாயியைக் கூட்டிவந்து முன்னால் நிறுத்தினார். அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். "நல்லாத்தான் இருக்குது" என்றாள்.

ஊரிலிருந்து திரும்பிய ஹயாத்தும் பார்த்தார். "நீலம் நல்லா எடுத்திருக்கு" என்றார். 

அடுத்த மழையில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது. விரல் பட்ட இடத்தில் உரிந்து விழுந்தது.  ஹயாத் சுரண்டியை எடுத்து மாரப்பன் கையில் கொடுத்தார்.

சுரண்டி முடிக்கவே ஒரு வருடமாகிவிட்டது. இப்போது வண்டி மறுபடியும் வெறும் தகடாக நின்றது. பாவாயிக்கு வெளிச்சம் எது, நிழல் எது என்பது மட்டும் தெரிந்தது.

"உங்களயும் நாலு வருசமாப் பாத்துட்டிருக்கறேன்" என்றார் மாரப்பன். "அதே தகடு, அதே தட்டு. உங்களுக்குச் சலிக்கவே சலிக்காதுங்களா? மனசு தளராம எப்படிங்க இத்தனை நாளு ஒரு வேலையச் செய்யறது?"

ஹயாத் கைகளைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"இரும்புக்கடைக்காரர் எத்தன மணிக்கு வர்றாரு?"

மாரப்பன் திடுக்கிட்டார்.

"உங்களுக்கு யாருங்க சொன்னது?"

"அவரேதான். பட்டறைக்குள்ள கிரேன் நுழையுமான்னு எனக்குப் போன் பண்ணிக் கேக்கறாரு."

மாரப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

"நாலு மணிக்குங்க. உங்ககிட்டச் சொல்லிட்டுத்தான் வண்டியக் குடுத்தனுப்பலாம்னு இருந்தேன்."

"அக்கா எங்க?"

"ஊட்லதான்."

"கூட யாரு?"

"ரேடியோ பாடிட்டிருக்கும்."

"கரண்ட் இல்லியே ரெண்டு நாளா. இருட்டுல தனியாவா இருக்கறாங்க?"

"அவளுக்குப் பகலும் ஒண்ணுதானுங்களே."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது. 

"மணி ரெண்டரை" என்றார் ஹயாத். "போய்க் கூட்டிட்டு வாங்க."

பாவாயி ஆட்டோவில் வந்தாள். பட்டறைக்குள் காலெடுத்து வைத்ததும் நின்றாள்.

"இங்க யாரு பூண்டு உரிக்கறது?"

"கேஸ் வெல்டிங்குங்க அக்கா. கார்பைடு நாத்தம் அப்படித்தான் இருக்கும். உக்காருங்க."

"உக்காந்தேதான் தம்பி இருக்கறேன் வருசக்கணக்கா. நிக்கறனே." பிறகு கேட்டாள். "இவரு இங்க வேல செய்யறாரா, இல்ல வண்டிகூடப் பேசிட்டு நிக்கறாரா?"

"ரெண்டும் பண்றாருங்க."

"ஊட்ல வாயத் தொறக்கறதே இல்ல. இங்க வந்துதான் அத்தனையும் பேசிக் கொட்டறாராக்கும்."

மாரப்பன் ஈரக் குடையை மடக்குவதில் மும்முரமாக இருந்தார்.

ஹயாத் ஒரு மெல்லிய பழந்துணியை எடுத்து வண்டியின் இடதுபக்கக் கதவின் மேல் விரித்தார். பாவாயியின் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தார்.

"மெதுவாத் தடவுங்க. எங்காச்சும் குழி, மேடு இருந்தாச் சொல்லுங்க."

அது தகடு நிமிர்த்தும் டிங்கர்கள் மேடுபள்ளம் பார்க்கும் வழி. கண் ஏமாறும். துணியின் மேல் வைத்த உள்ளங்கை ஏமாறாது. ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன மாரப்பனின் கைக்கு அது கடைசிவரை வரவில்லை. அவர் கண்ணால்தான் பார்ப்பார். அந்தக் கதவை முந்தாநாள்தான் தட்டி முடித்து, சரியாகிவிட்டது என்று சொல்லியிருந்தார்.

பாவாயியின் கை கதவில் மேலிருந்து கீழாக இறங்கியது. பாதியில் நின்றது.

"இங்க ஒரு குழி."

மாரப்பன் கிட்டே போய்ப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஹயாத் கதவின் பின்னால் கட்டையைப் பிடித்துக்கொண்டு, "தட்டுங்கண்ணா" என்றார். மாரப்பன் தட்டினார்.

"இப்ப?"

"இப்ப மேடாயிருச்சு. பலமாத் தட்டிட்டாரு."

ஹயாத் சிரித்தார். அவர் சிரித்து மாரப்பன் அதிகம் பார்த்ததில்லை.

"இந்த வேலைய எங்கக்கா படிச்சீங்க?"

"அப்பளம் போட்ட கை தம்பி. இவரு வண்டில போன காலத்துல வேறென்ன பண்றது? ஒரு ஓரம் தடிச்சிருந்தாலும் அப்பளத்தத் திருப்பி அனுப்பிருவாங்க."

மேட்டைத் தட்டினார்கள். அதற்குக் கீழே இன்னொரு குழியைச் சொன்னாள். அதையும் தட்டினார்கள். ஒரு மணி நேரம் அப்படியே போனது. மாரப்பனின் சட்டை முதுகில் வியர்வையில் நனைந்துவிட்டது. நெடுநாளைக்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு சுறுசுறுப்பு வந்திருந்தது.

"ஏ பாவாயி, நீ தெனமும் வந்துரு. இப்படியே போனா தைக்குள்ள முடிச்சுரலாம்."

"முடிச்சு?"

"திரும்பவும் நீலம் அடிச்சு, உன்னய ஏத்திக்கிட்டு மேட்டூர் போலாம்."

"நான் எதப் பாக்கறதுக்கு?"

மாரப்பன் சுத்தியலைக் கைமாற்றிப் பிடித்தார்.

"அதான் அன்னைக்கு ஒருக்காப் பாத்தியே" என்றார் கடைசியில். "நீலமா நின்னுச்சே. அந்த நெனப்புலயே..."

பாவாயி கதவின் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு பேசினாள்.

"நான் எங்க பாத்தேன்? நீங்க நீலம் நீலம்னு சொல்லிட்டு நின்னீங்க. எனக்கு அப்பவே எல்லாம் சாம்பலாப் போயிருச்சு. வேட்டி, செவுரு, வண்டி, எல்லாம் ஒரே சாம்பல். அத்தன ஆசையாக் கூட்டிட்டு வந்த மனுசங்கிட்ட என்னத்தச் சொல்றது? நல்லாத்தான் இருக்குதுன்னேன்."

மாரப்பன் பக்கத்தில் கிடந்த டயரின் மேல் உட்கார்ந்தார். சுத்தியல் மடியில் கிடந்தது. அந்த மூன்று நாள் அவசரத்தையும், அதைச் சுரண்டி எடுத்த ஒரு வருடத்தையும் அவர் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பது போலிருந்தது.

"எத்தன நாளு ஊட்ல தனியா உக்கார வெச்சுட்டு இங்க வந்திருக்கறேன்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

பாவாயியின் கை கதவின் மேலேயே மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

வெளியே சேற்றில் ஒரு கனமான வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. ஒருவர் கேட்டைத் தட்டினார்.

"மாரப்பண்ணே! கிரேன் வந்திருக்குது. எந்த வண்டிங்க? தொறந்து விடுங்க, மழைல நிக்கறோம்!"

மாரப்பன் எழுந்தார். கேட்டைப் பார்த்தார். தகடு தகடாகக் கழன்று கிடந்த லாரியைப் பார்த்தார்.

"இனி இத யாருக்குன்னு செய்யறதுங்க பாய்? நீங்களே சொல்லுங்க. அந்தாளுக்கு நான் என்னன்னு பதில் சொல்லட்டும்?"

ஹயாத் கதவின் பின்னால் இரும்புக் கட்டையைத் தாங்கிப் பிடித்தபடியே குந்தியிருந்தார்.

"அக்கா இன்னும் கைய எடுக்கலண்ணா" என்றார். "அங்க குழி இருக்கும்போல."