கொக்கி மாட்டினவர் பேர்

குரு என்றதும் வெண்தாடியும் ஆலமரமும் மனசில் வந்து நின்றால், தயவுசெய்து அவற்றைக் கொஞ்சம் நகர்த்தி வையுங்கள். இந்தக் கதையில் குருவுக்கு வயது நாற்பத்தொன்று. சீடருக்கு அறுபத்து மூன்று.

குருவின் பெயர் சகாயராணி. மேட்டுப்பாளையத்தில், கோத்தகிரிக்கு ஏறுகிற சாலையோரம் அந்தம்மாவுக்கு ஒரு பட்டறை. பள்ளத்தில் விழுந்த வண்டிகளை இழுத்து மேலேற்றுவது தொழில். சீடர் திருவேங்கடம், பல் டாக்டர். முப்பத்தைந்து வருஷம் ஊர்க்காரர்களின் வாய்க்குள் எட்டிப் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவர்.

ஓய்வு பெற்ற மனுஷர் சும்மா இருக்கலாம் அல்லவா? இவர் ஒரு லாரியை வாங்கினார். அதுவும் எப்பேர்ப்பட்ட லாரி! சேற்றில் மாட்டிய ராணுவ வண்டிகளை இழுத்துக் கரையேற்றுவதற்கென்றே செய்த மீட்பு லாரி. ஆறு சக்கரம், முதுகில் ஒரு கிரேன் கை, அதற்குக் கீழே இரும்புக் கயிற்றைச் சுற்றி இழுக்கிற வின்ச்சு. ராணுவம் கழித்துவிட்ட பிறகு, காரமடைப் பக்கம் ஒரு செங்கல் சூளையில் பதினேழு வருஷம் வெயிலிலும் மழையிலும் கிடந்தது. என்ஜினுக்குள் கோழி அடைகாத்திருந்தது. இதை வைத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று மனைவி கேட்டார். ஓட வைக்கப்போகிறேன் என்றார் டாக்டர். மனைவி அத்தோடு கேள்வியை விட்டுவிட்டார்.

லாரியை இழுத்து வந்து பட்டறையில் போட்ட அன்றைக்கு, எங்கிருந்து ஆரம்பிப்பது என்று டாக்டர் கேட்டார். சகாயராணி ஒரு கம்பி பிரஷ்ஷை அவர் கையில் கொடுத்துவிட்டு, வேறொரு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். டாக்டர் நாலு மாசம் துரு தேய்த்தார். தேய்த்து முடித்தபோது எந்த நட்டு எங்கே இருக்கிறது, எந்த இடம் நைந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அன்றிலிருந்து சகாயராணியை "டீச்சர்" என்று கூப்பிட ஆரம்பித்தார். கேலியாக ஆரம்பித்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. பள்ளத்தில் கிடக்கிற வண்டியில் கொக்கியை மாட்டுகிறவர், மாட்டி முடித்ததும் தன் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். கீழே சிக்கியிருக்கிற ஆளுக்கும் கேட்க வேண்டும், மேலே வின்ச்சில் நிற்கிறவருக்கும் கேட்க வேண்டும். "மாட்டினது பழனிவேலு" என்று குரல் வந்த பிறகுதான் சகாயராணியின் கை லிவருக்குப் போகும். பெயர் வராமல் கயிறு ஒரு விரற்கடை நகராது. இதை அந்தம்மாவின் அப்பா ஏற்படுத்தினார். ஏன் ஏற்படுத்தினார் என்று டாக்டர் ஒரு தடவை கேட்டதற்கு, "எங்கப்பன் அதைச் சொல்லலீங்க" என்று பதில் வந்தது. நல்ல வழக்கம், கேட்க அழகாக இருக்கிறது என்று டாக்டர் நினைத்துக்கொண்டார்.

மூன்று வருஷத்தில் லாரி உயிர் பெற்றது. என்ஜின் உறுமியது. வின்ச்சு சுற்றியது. பழைய கயிற்றைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுக் கயிறு மாற்றினார்கள். மிச்சம் இருந்தது கொக்கி மட்டும்தான்.

பன்னிரண்டு கிலோ கொக்கி. வண்டியோடு பிறந்த கொக்கி. ராணுவ முத்திரையும் எண்ணும் அதில் அடித்திருந்தன. அதை மடியில் வைத்து உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் டாக்டர் பார்த்தார். வளைவு தொடங்குகிற இடத்தில், மயிரிழை போல ஒரு கோடு. நகத்தால் தடவினால் தட்டுப்பட்டது.

சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அந்தம்மா கொக்கியைத் தூக்கிப் பழைய இரும்பில் போடச் சொல்வார் என்பது டாக்டருக்குத் தெரியும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரில் பழைய வண்டிகளின் கண்காட்சி. கயிற்றைத் தவிர எல்லாப் பாகமும் வண்டியோடு வந்தவை என்று அங்கே சொல்ல வேண்டும் என்று அவருக்கு ஆசை. சரி, இது காட்சிக்கு நிற்கப்போகிற வண்டிதானே, யாரை இழுக்கப்போகிறது? சொத்தைப் பல்லை அடைத்து அடைத்துப் பழகிய கைக்கு இது ஒரு வேலையா? இரும்புப் பசையைக் குழைத்துக் கோட்டை நிரப்பினார், காயவிட்டார், தேய்த்தார், மேலே மஞ்சள் பெயிண்ட் அடித்தார். அடைத்த தடம் அவருக்கே தெரியவில்லை.

கொக்கியைப் பார்த்துவிட்டீர்களா என்று சகாயராணி கேட்டார். பார்த்தாச்சு என்றார் டாக்டர். பார்த்தது என்னவோ நிஜம்தான். அந்தப் பட்டறையில் ஒருவர் பார்த்தாச்சு என்றால் இன்னொருவர் மறுபடி பார்க்கமாட்டார். டாக்டருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் இறங்கியது. மனுஷன் எதற்கும் பழகிவிடுகிறான்.

வெள்ளிக்கிழமை காலையில் மலைச்சாலையில் ஏற்றிப் பார்க்கலாம் என்று இருவரும் கிளம்பினார்கள். டாக்டர் ஓட்டினார், குரு பக்கத்தில். முந்தின நாள் பெய்த மழையில் சாலை இன்னும் ஈரமாக இருந்தது. எட்டாவது வளைவு தாண்டியதும் கூட்டம்.

காரட் ஏற்றிவந்த பிக்கப் வண்டி ஒன்று தடுப்புக் கல்லை உடைத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கியிருந்தது. நாற்பதடி கீழே ஒரு சில்வர் ஓக் மரம் அதைத் தாங்கிப் பிடித்திருந்தது. மரத்துக்கு அப்பால் வெறும் ஆகாயம். டிரைவர் உள்ளே இருந்தான். கால் இரண்டும் நசுங்கிய தகரத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தன. கீழேயிருந்து வர வேண்டிய தீயணைப்பு வண்டிக்குக் குறுக்கே, டாக்டரின் லாரி கடந்துவந்த கொஞ்ச நேரத்தில், ஒரு மரம் சாய்ந்துவிட்டது. அதை அறுத்துவிட்டு வர ஒரு மணி நேரமாவது ஆகும் என்று போனில் சொன்னார்களாம். பிக்கப்பைத் தாங்கிய சில்வர் ஓக்கின் வேர் மண்ணைவிட்டு எழும்பிக்கொண்டிருப்பது சாலையிலிருந்தே தெரிந்தது. அது ஒரு மணி நேரம் தாங்காது.

கூட்டம் திரும்பி லாரியைப் பார்த்தது. பச்சை நிறத்தில், கிரேன் கையோடு, மஞ்சள் கொக்கி பளபளக்க வந்து நிற்கிறது. சாமியே அனுப்பி வைத்தது என்றாள் ஒரு தோட்டக்காரப் பெண்.

டாக்டர் ஸ்டியரிங்கைவிட்டுக் கையை எடுக்கவில்லை.

சகாயராணி நேரத்தை வீணாக்கவில்லை. லாரியைச் சாலைக்குக் குறுக்கே நிறுத்தச் சொன்னார், சக்கரங்களுக்குக் கல் கொடுத்தார், கூட்டத்தைக் கயிறு எட்டாத தூரத்துக்கு விரட்டினார். வின்ச்சைத் தான் பார்த்துக்கொள்வதாகவும், கொக்கியும் சங்கிலியுமாக டாக்டர் இறங்க வேண்டும் என்றும் சொன்னார். மாட்டத் தெரிந்தவர் வேறு யாரும் அங்கே இல்லை. தோட்டத்து ஆட்கள் இரண்டு பேர் டாக்டரின் இடுப்பில் வடம் கட்டி இறக்கினார்கள்.

இறங்க இறங்க அவர் கணக்குப் போட்டார். கொக்கி பத்து டன் தாங்கச் செய்தது. பிக்கப்பும் காரட்டும் சேர்ந்து மூன்று டன் வருமா? வராது. கோடு மேலாகத்தான் இருந்தது. உள்ளே போயிருக்காது. போயிருந்தாலும் பசை பிடிக்கும். பசை பிடிக்காது என்று அவருக்குத் தெரியும். மேலே போய்ச் சொல்லலாம் என்றால், ஏற அஞ்சு நிமிஷம், வேறு கொக்கி தேட எத்தனை நிமிஷமோ. இத்தனை ஜனத்துக்கு முன்னால், அந்தம்மாவின் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? தாங்கும். தாங்கிவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை.

டிரைவருக்கு முப்பது வயசு இருக்கும். போஜன் என்று பெயர், கோத்தகிரிக்கு மேலே ஒரு ஹட்டிக்காரன், அதாவது படுகர் ஊர்க்காரன். அழவில்லை. ரொம்பப் பதவிசாகப் பேசினான்.

"மெதுவா வாங்க சார். நான் மூச்சு விட்டாலே வண்டி ஆடுது."

டாக்டர் வண்டியின் அடிச்சட்டத்தைச் சுற்றிச் சங்கிலியை விட்டார். சங்கிலியில் கொக்கியை மாட்டினார். கை நடுங்கவில்லை. ஊசி போட்டுப் பழகிய கை அல்லவா.

"மாட்டியாச்சுங்களா?" மேலேயிருந்து குருவின் குரல்.

"மாட்டியாச்சு."

"பேரு?"

டாக்டர் வாயைத் திறந்தார். "திரு" என்கிற மட்டும் வந்தது. போஜன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண்ணில் சந்தேகம் ஒன்றும் இல்லை. காத்துக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறக்கிற நோயாளிகள் அத்தனை பேரும் முப்பத்தைந்து வருஷமாக இப்படித்தான் அவரைப் பார்த்தார்கள்.

"பேரு சொல்லுங்க டாக்டர்."

மரம் ஒரு தடவை முனகியது. பின்னால் இருந்த காரட் மூட்டை ஒன்று சரிந்து பள்ளத்தில் போனது. விழுந்த சத்தம் வர ரொம்ப நேரம் ஆனது.

"டீச்சர், இழுக்காதீங்க!" என்று டாக்டர் கத்தினார். "கொக்கியில விரிசல் இருக்கு. எனக்குத் தெரியும். நான்தான் அடைச்சு மேல பெயிண்ட் அடிச்சேன்."

போஜன் கண்ணை மூடிக்கொண்டான். டாக்டருக்கு அந்த மலையே தன்மேல் காறித் துப்பியது மாதிரி இருந்தது. அவமானம் காதுவரைக்கும் எரிந்தது.

குருவின் குரல் மாறவே இல்லை.

"கொக்கியைக் கழட்டிப் போடுங்க. ஷாக்கிள் அனுப்பறேன். கயித்து வளையத்தையும் சங்கிலியையும் அதுல பூட்டுங்க."

ஷாக்கிள் என்பது லாட வடிவத்தில் ஓர் இரும்புப் பூட்டு. அதுவும் ஒரு ஸ்பேனரும் பையில் கட்டி இறங்கி வந்தன. ஆனால் கயிற்றையும் கொக்கியையும் சேர்க்கிற திருகாணி அசைய மறுத்தது. ஏன் மறுக்காது? அழகாக இருக்கட்டும் என்று மரைக்குள்ளும் சேர்த்து மூன்று கோட் பெயிண்ட் அடித்தது யார்? ஓங்கித் தட்டினால் வண்டி ஆடியது. தட்டாவிட்டால் ஆணி நகரவில்லை. டாக்டர் ஸ்பேனரின் முனையால் பெயிண்டைச் சுரண்டினார், பிறகு நகத்தால் சுரண்டினார். நகம் பெயர்ந்து ரத்தம் வந்தது. மரம் ஒரு சாண் இறங்கியது. மேலே பெண்கள் அலறினார்கள். போஜன் மட்டும் தணிந்த குரலில், "அவசரப்படாதீங்க சார்" என்றான். அதைக் கேட்டதும் டாக்டருக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே திருகினார்.

ஆணி கழன்றது. கொக்கி சரிவில் உருண்டு புதருக்குள் போனது. ஷாக்கிளைப் பூட்டி, பூட்டியதை மூன்று தரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"மாட்டினது திருவேங்கடம்!"

கயிறு விறைத்தது. லாரி உறுமியது. மரத்தைவிட்டு பிக்கப் அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. அது பாதி தூரம் ஏறியபோது சில்வர் ஓக் வேரோடு பெயர்ந்து, பெரிய சத்தம் இல்லாமல் பள்ளத்துக்குள் போய்விட்டது.

தகரத்தை நெம்பி போஜனை எடுத்தார்கள். ஒரு கால் முறிந்திருந்தது. கோத்தகிரியிலிருந்து வந்த ஆம்புலன்சில் ஏற்றியபோது அவன் டாக்டரின் ரத்தம் படிந்த விரலை ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டான். கூட்டம் கலைந்தது. டாக்டரைத் திட்டவும் யாரும் இல்லை, பாராட்டவும் யாரும் இல்லை.

லாரியை ஓரங்கட்டிவிட்டு, சகாயராணி பழந்துணியால் கயிற்றைத் துடைத்துத் துடைத்து வின்ச்சில் சுற்றிக்கொண்டிருந்தார். டாக்டர் சாலையோரக் கல்லில் உட்கார்ந்திருந்தார். கொக்கி சங்கதி குருவுக்கு முன்னமே தெரிந்திருக்க வேண்டும், தன்னைச் சோதிக்கத்தான் கொக்கியோடு இறக்கியிருக்க வேண்டும் என்று அவர் மனசு அடித்துக்கொண்டது. தெரியும் என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் போதும். அப்படியானால் அந்தப் பையனுக்கு எந்த ஆபத்தும் இருந்திருக்காது. ராத்திரி தூங்கலாம்.

"டீச்சர், உங்களுக்கு முன்னாடியே தெரியும்தானே?"

"தெரியாதுங்க."

"அந்தக் கொக்கி தாங்கியிருக்குமா?"

"தெரியாதுங்க."

மலைக்கு மேலே வெயில் ஏறியிருந்தது. ஒரு பஸ் அவர்களைச் சுற்றிக்கொண்டு போனது.

"அப்போ, அந்த விரிசலைச் சொல்லாம நான் பேரைச் சொல்லியிருந்தா?"

குரு கயிற்றைத் துடைப்பதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்.

"இழுத்திருப்பேனுங்க, டாக்டர்."